திறந்து காட்டுங்கள்

சொக்கலிங்கம் செத்துப்போன இரண்டாம் மாதம் அவனுக்கு மாநகரத்திடமிருந்து பிறந்தநாள் வாழ்த்து வந்தது. நூறாண்டு வாழ்க என்று முடிந்திருந்தது. தில்லைநாயகி அடுப்படியில் நின்றபடியே அதைப் படித்தாள். தோசை கருகி வீடெல்லாம் புகை சூழ்ந்த பிறகுதான் அவளுக்குக் கைகால் அசைந்தது. வாழ்த்து அனுப்பியது இயந்திரம். அது யாரையும் கேலி செய்யாது. ஆனால் புருஷனைப் பறிகொடுத்தவளைக் கேலி செய்யத் துணிந்த மனிதர்கள் எங்கோ இருக்கிறார்கள் என்று அவள் அப்போதே மோப்பம் பிடித்துவிட்டாள். காரணம், அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வதே அவள் தொழில்.

நெடுங்கரையில் காகிதம் ஒழிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பிறப்பு, கல்யாணம், படிப்பு, வேலை, வீடு, வழக்கு, சாவு என்று மனிதனுக்கு நடக்கிற எல்லாம் களஞ்சியம் என்கிற ஒரே கணினிக் கிடங்கில்தான் இருந்தன. களஞ்சியம் சொல்வதே சான்று என்று சட்டமும் போட்டிருந்தார்கள். ஆளைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் களஞ்சியத்தைப் பார்க்கலாம். களஞ்சியத்தைப் பார்த்துச் சந்தேகப்பட யாருக்கும் உரிமை இல்லை. அந்தக் கிடங்குக்குக் காப்புப் பிரதி எடுப்பதும், அது படுத்துவிட்டால் பிரதியிலிருந்து மீட்டெடுப்பதும் தில்லையின் வேலை. பல வருஷமாகச் செய்கிறாள். கை சுத்தமான வேலைக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள்.

தை மாதம் கடலோரத்து ஆலையில் விஷவாயு கசிந்தது. ஒரே ஷிப்டில் இருந்த முப்பத்தெட்டு பேர் போய்ச் சேர்ந்தார்கள். சொக்கலிங்கம் அவர்களில் ஒருவன். வால்வு பழுது என்று முந்தைய மாதமே அவன் மேலிடத்தில் சொல்லியிருந்தான். வீட்டுக்கு வந்தும் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து புலம்பியிருந்தான். விசாரணைக் குழு அமைத்தார்கள். பங்குனியில் குழு முதல்முறை கூடவிருந்த வாரம் பார்த்து, களஞ்சியம் படுத்துவிட்டது. தில்லை அப்போது துக்க விடுப்பில் இருந்தாள். அவள் இல்லாமலே மீட்டெடுத்தார்கள். மார்கழிக் கடைசியில் எடுத்த பிரதி ஒன்றுதான் பிழைத்தது, அதைக்கொண்டு ஊரை நிமிர்த்திவிட்டோம் என்று மாநகரம் பெருமையாக அறிவித்தது.

ஊர் நிமிர்ந்தது உண்மைதான், மார்கழிக்குள் போய் நிமிர்ந்தது. மாசியில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் மறுபடி பிரம்மச்சாரிகள் ஆனார்கள். அவர்களில் ஓரிருவர் அதை அவ்வளவாக எதிர்க்கவில்லை என்று கேள்வி. பதவி போன கவுன்சிலர் ஒருவர் பதவியோடு எழுந்து உட்கார்ந்தார். இப்படித் தொலைந்ததையெல்லாம் திருத்திக்கொள்ள ஒரு ஜன்னலைத் திறந்தார்கள். சாட்சியோடு போனால் ஒரு வாரத்தில் கல்யாணம் திரும்ப வந்தது, குழந்தை திரும்ப வந்தது. அந்த முப்பத்தெட்டு பேரின் சாவு மட்டும் வரவில்லை. கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். கசிவே பதிவில் இல்லாதபோது கசிவுக்கு விசாரணை எதற்கு என்று குழுவையும் கலைத்துவிட்டார்கள்.

தில்லை நேராக அலுவலகத்துக்குப் போய் ஜெயசீலன் முன்னால் நின்றாள். ஜெயசீலன் மீட்புப் பிரிவின் தலைவர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மேலே இருப்பவர்கள் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்கிற ரகம். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

தினப்பிரதிகள் என்ன ஆயின என்று கேட்டாள். எல்லாம் கெட்டுவிட்டன என்றார். மாசிக் கடைசியில் எடுத்து மலைப் பெட்டகத்தில் வைத்த பிரதி என்ன ஆயிற்று என்று கேட்டாள். கடலோரத்துக் கட்டடம் மொத்தமாக மூழ்கினாலும் ஒரு பிரதி மிஞ்ச வேண்டும் என்று, மாதாமாதம் ஒன்றை உள்நாட்டில் ஒரு மலைமேல் வைப்பது வழக்கம். அதுவும் கெட்டுவிட்டது என்றார் ஜெயசீலன், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

"எப்படி சார் தெரிஞ்சுது?"

"என்னம்மா?"

"பெட்டகம் தொறக்கணும்னா ரெண்டு கட்டைவிரல் வேணும். ஒண்ணு உங்களது, ஒண்ணு என்னது. நான் வூட்டுல அழுதுகிட்டு இருந்தேன். தொறக்காமலே உள்ள இருக்கறது கெட்டுப்போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

ஜெயசீலன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தி, அன்பாகவே பேசினார். "தில்லை, நீ விடுப்புல இருந்தேன்னு சொல்ற. அதுக்குக் களஞ்சியத்துல பதிவு இருக்கா? மார்கழிக்கப்புறம் ஒண்ணுமே இல்லியேம்மா. உன் வூட்டுக்காரர் போனதுக்கு இல்ல, நீ அழுததுக்கும் இல்ல. நீ யார்கிட்ட போய் என்ன சொல்லுவ?"

அன்றே அவளை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் கட்டைவிரலுக்குப் பதில் வேறு விரலைப் பெட்டகத்தில் பதிவதென்றால், அதற்கும் பெட்டகத்தைத் திறந்தாக வேண்டும். திறப்பதற்கு அவள் விரல் வேண்டும். அதனால் அதை மட்டும் மாற்ற முடியவில்லை. இதை நினைத்து அவள் பஸ்ஸில் தனியாகச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

வீட்டில் வேறு ஒரு சண்டை காத்திருந்தது. மாமியார் அஞ்சலைக்குச் சொக்கலிங்கம் ஒரே பிள்ளை. மகன் போனதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தவள், பிறந்தநாள் வாழ்த்து வந்த அன்று எழுந்து குளித்து, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மகன் பெயரைத் தட்டினால் அவன் படம் வந்தது. பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் பச்சை. தில்லை வழக்குப் போடப் போவதாகச் சொன்னதும் அஞ்சலை போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"விட்டுடுடி. ஒரு எடத்துலயாவது அவன் உசுரோட இருக்கட்டுமே. உனக்கு என்னா கொறையுது?"

எதிரில் நிற்பது ஆலைக்காரன் என்றால் வாய்க்கு வந்தபடி பேசிவிடலாம். பெற்றவளிடம் என்ன பேசுவது? தில்லை அத்தையிடமிருந்து போனை மெதுவாக வாங்கினாள். பச்சைப் புள்ளிக்குக் கீழே சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது. இருப்பிடம், ஆலை. நிலை, பணியில்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மார்கழிப் பிரதி எப்போது எடுக்கப்பட்டது என்று அவளுக்குத் தெரியாதா, எடுத்தவளே அவள்தான். அன்று சொக்கலிங்கம் ஷிப்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, அவனுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்த கையோடு அலுவலகம் போய் எடுத்த பிரதி. அந்த நேரத்தில் அதே முப்பத்தெட்டு பேரும் ஆலைக்குள் இருந்தார்கள். உள்ளே போனது பதிவாகியிருக்கிறது. ஷிப்டு முடிந்து வெளியே வந்தது பதிவாவதற்குள் பிரதி முடிந்துவிட்டது. மற்ற தொழிலாளிகள் களஞ்சியம் மீண்ட மறுநாளே வேலைக்கு வந்து போய்த் தங்கள் பதிவைச் சரிசெய்துகொண்டார்கள். இவர்களால் எப்படி வர முடியும்? ஆக, களஞ்சியத்தின் கணக்குப்படி முப்பத்தெட்டு பேர் மார்கழியில் ஆலைக்குள் போனவர்கள், பங்குனி முடியப்போகிறது, இன்னும் வெளியே வரவில்லை. தொல்லை தராத பழைய பிரதியாகப் பார்த்துத் தேடி எடுத்தவர்கள், அந்த நேரத்தில் ஆலைக்குள் யார் இருந்தார்கள் என்று பார்க்க மறந்துவிட்டார்கள்.

வக்கீல் ஆரோக்கியமேரி மீன் மார்க்கெட்டுக்கு மேல் மாடியில் அலுவலகம் வைத்திருந்தார். முதலில் கையை விரித்தார். சாவுக்குப் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் வழக்கு இல்லை, களஞ்சியம் தப்பு என்று சொல்ல எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லை என்றார்.

"தப்புன்னு நான் சொல்லவே போறதில்ல மேடம். சரின்னுதான் சொல்லப்போறேன்," என்றாள் தில்லை.

ஆரோக்கியமேரி நிமிர்ந்து பார்த்தார். தில்லை தன் தொழிலிலிருந்தே விளக்கினாள். பிரதி எடுத்து வைத்துக்கொண்டு எல்லாம் பத்திரம் என்று நினைப்பவன் ஏமாளி. மீட்டெடுத்துவிட்டேன் என்று சொல்பவனையும் அவர்கள் பிரிவில் நம்ப மாட்டார்கள். மீட்டெடுத்த கோப்பைத் திறந்து காட்ட வேண்டும். திறந்தால்தான் மீட்பு, இல்லையென்றால் வெறும் பெயர். மாநகரம் தன் புருஷனை மீட்டெடுத்துவிட்டதாகச் சொல்கிறது, ஆலைக்குள் இருக்கிறான் என்று இடமும் சொல்கிறது. நல்லது, திறந்து காட்டட்டும்.

வக்கீல் முகத்தில் ஒரு பொல்லாத சிரிப்பு படர்ந்தது. ஆட்கொணர்வு மனு என்றார். ஆளை அடைத்து வைத்திருப்பவன் ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மிகப் பழைய சட்டம், ஒழிக்க மறந்துவிட்டார்கள்.

முப்பத்தெட்டு வீட்டுக்கும் சேர்த்து மனுப் போட்ட செய்தி ஆலைக்கு எட்டியதும் ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள். பெரிய மனுஷத்தனமான ஆட்கள், பழக்கூடையோடு வந்தார்கள். மனுவை வாபஸ் வாங்கினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இறப்புப் பதிவு செய்து தர ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்கள். தேதி இந்த மாதத்துத் தேதி. காரணம், மாரடைப்பு. சில குடும்பங்கள் தளர்ந்துபோயின. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சாவை நிரூபிக்க அலைந்து அலைந்து செத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தில்லை கூடத்தில் நின்று, வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அஞ்சலை எழுந்து வந்துவிட்டாள்.

"மாரடைப்பா? எம்புள்ள நெஞ்சு நல்ல நெஞ்சு. பத்து மாசம் சொமந்து நான் கொடுத்த நெஞ்சு. அதுல ஒரு கொறையும் கெடையாது. உங்க வாயுவ அடைச்சுக் கொன்னுட்டு அவன் நெஞ்சு மேலயா பழி போடறீங்க?"

பழக்கூடையைத் தூக்கி அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு அந்தக் கதவிலேயே சாய்ந்து நின்று, மகன் இறந்த பிறகு முதல்முறையாக, செத்துட்டான்டி, எம்புள்ள செத்துட்டான்டி என்று வாய்விட்டுச் சொன்னாள். தில்லை அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பச்சைப் புள்ளி அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

வழக்கு நாளன்று காலையில் தில்லை மாமியாரிடம் தாலியைக் கேட்டாள். பதினாறாம் நாள் காரியத்தில் கழற்றியதை அஞ்சலைதான் தன் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகி வைத்திருந்தாள். அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று ஒரு கணம் தயங்கினாள். களஞ்சியம் என்னைச் சுமங்கலி என்கிறது, சட்டத்தை நான் மீறலாமா என்றாள் தில்லை. அஞ்சலை பையை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தாள். நெற்றிக்குக் குங்குமமும் அவளே இட்டுவிட்டாள்.

மற்ற பெண்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கோர்ட் வராந்தாவில் அவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தபோது, டீக்கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஊரறியக் கணவனை எரித்த பெண்கள் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வரிசையாகப் படியேறினார்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பு இல்லை. வாசலில் நின்ற போலீஸ்காரர் ஏன் என்று தெரியாமலே வழிவிட்டு ஒதுங்கினார்.

ஆலை வக்கீல் இது விளையாட்டு மனு என்று தொடங்கினார். எங்கோ சொந்த விஷயமாகத் தலைமறைவாகியிருப்பார்கள் என்றும் சொல்லிப் பார்த்தார். ஆனால் அவர்கள் வெளியே போனதற்குப் பதிவு வேண்டுமே. இல்லை. நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி தில்லையிடம் திரும்பி, உண்மையிலேயே உங்கள் கணவர் எங்கே இருக்கிறார் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

தில்லை பதிலை மனப்பாடம் செய்து வந்திருந்தாள். எல்லாம் மறந்துபோயிற்று. சுடுகாட்டில் தன் கையாலேயே சாம்பலைத் தொட்டது மட்டும்தான் நினைவில் நின்றது.

"நான் நெனைக்கறது சான்று ஆகாதும்மா," என்றாள். "களஞ்சியம் சொல்றதுதான் சான்று. என் வூட்டுக்காரரு ஆலைக்குள்ள இருக்காருன்னு அது சொல்லுது. நாங்க முப்பத்தெட்டு வூடும் வாசல்ல நிக்கறோம். கதவத் தொறந்து அனுப்பச் சொல்லுங்க. பிரதியில இருக்கறவர ஆளா கொண்டாந்து நிறுத்துனா நான் இந்தக் கோர்ட்டு வாசல்லயே விழுந்து கும்புட்டுட்டுப் போயிடறேன். நிறுத்த முடியலன்னா, முடியலன்னு அவங்க வாயால சொல்லட்டும்."

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்தெட்டு பேரையும் நேரில் நிறுத்த வேண்டும், அல்லது பிரதி பழுதானது என்று எழுதித்தர வேண்டும் என்று உத்தரவாயிற்று. மாநகரத்துக்கு விழி பிதுங்கியது. பிரதி பழுது என்று ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் அதைக்கொண்டு நிமிர்த்திய எதுவும் நிற்காது; பதவியோடு எழுந்த கவுன்சிலர் முதல் கலைந்த விசாரணைக் குழு வரை எல்லாம் கேள்விக்கு வரும். ஆட்களை நிறுத்தவோ வழி இல்லை. இரண்டும் முடியாது என்றானபோது அவர்களுக்கு ஒரு அதிசயம் நிகழ்ந்தது. மலைப் பெட்டகத்தில் இருக்கும் மாசிப் பிரதி கெடவே இல்லையாம், தகவல் பிழையாம். அதில் முப்பத்தெட்டு சாவும் பதிவாகியிருப்பதால், அதை ஏற்றிவிட்டால் ஆட்களை நிறுத்தவும் வேண்டாம், பழுது என்று எழுதவும் வேண்டாம்.

புதன்கிழமை காலை ஜெயசீலன் தில்லையின் வீட்டு வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒன்றைக் கழற்றி ஒன்றோடு நின்றார். மலையிலிருந்து பெட்டகத்தை இறக்கிக் கொண்டுவந்திருக்கிறோம், உன் கட்டைவிரல் வேண்டும் என்றார். அவர் கண்ணைப் பார்த்தாள் தில்லை. திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். ஒரு நிபந்தனை மட்டும் சொன்னாள்: திறக்கும்போது முப்பத்தெட்டு குடும்பமும் உள்ளே நிற்க வேண்டும். அவருக்கு வேறு வழி இல்லை.

மீட்பு அறையில் அவ்வளவு கூட்டம் ஒருநாளும் இருந்ததில்லை. குளிருக்குப் பழக்கமில்லாத குழந்தைகள் அம்மாக்களின் புடவைக்குள் புகுந்துகொண்டன. தில்லையும் ஜெயசீலனும் விரலை வைத்தார்கள். பெட்டகம் திறந்தது. அவள் உட்கார்ந்து, ஆயிரம் தடவை செய்த வேலையை முதல் தடவை செய்வதுபோல நிதானமாகச் செய்தாள். மாசிப் பிரதியைக் கீழே விரித்து, அதற்குப் பின் எழுதப்பட்டதையெல்லாம் மேலே சேர்த்தாள். கல்யாணமோ குழந்தையோ எதுவும் கெடாமல் ஊர் மெதுவாகத் தன் இடத்துக்கு வந்தது.

மீட்டு முடித்ததும் கோப்புகளைத் திறந்து பார்ப்பது விதி. எங்கிருந்தாவது இரண்டு மூன்றை எடுத்துத் திறந்தால் போதும். தில்லை முப்பத்தெட்டையும் திறந்தாள். ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தாள். தேதி, இடம், காரணம். ஆலை, விஷவாயுக் கசிவு. ஒவ்வொரு பெயருக்கும் அறையின் ஏதோ ஒரு மூலையில் ஒரு விம்மல் எழுந்தது. கடைசியாகத் தன் கோப்பைத் திறந்தாள். சொக்கலிங்கத்தின் படத்துக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இல்லை. கீழே இயந்திரம் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டது. கோப்பு சரியாகத் திறந்ததா?

ஆம் என்று அழுத்தினாள். தன் கையாலேயே அவனை இரண்டாம் முறை அனுப்பிவைத்தாள்.

அவள் எழுந்திருப்பாள் என்று ஜெயசீலன் காத்திருந்தார். அவள் எழுந்திருக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். அதில் நகம் அளவு மெமரி கார்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாகச் செருகி, முப்பத்தெட்டு பேரின் கோப்புகளையும் களஞ்சியத்தின் முத்திரையோடு ஏற்றி, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கத் தொடங்கினாள். ஒரே இடத்தில் இருக்கிற பிரதி பிரதியே அல்ல என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஒரு கட்டடத்தைப் படுக்கவைக்கலாம். முப்பத்தெட்டு அடுப்படிகளை எப்படிப் படுக்கவைப்பார்கள்?

ஜெயசீலன் பதறிப்போய் அருகில் வந்தார். "என்னம்மா பண்ற? களஞ்சியத்துப் பிரதிய வெளிய கொடுக்கறது குத்தம்மா. ஜெயிலு."

"நான் கொடுத்தேன்னு களஞ்சியத்துல பதிவு இருக்கா சார்?" என்று கேட்டாள் தில்லை, கார்டைச் செருகிக்கொண்டே.

அறையில் நின்ற ஒருவரும் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜெயசீலனும் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே இருந்த வேப்பமரத்தை வெகு அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

கடைசிக் கார்டை அஞ்சலையின் கையில் வைத்தாள் தில்லை. கழுத்திலிருந்த தாலியையும் தானே கழற்றி அதன்மேல் வைத்தாள். இந்த முறை அவளை யாரும் பிடித்து உட்கார வைக்கவில்லை, யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. அஞ்சலை இரண்டையும் சுருக்குப்பையில் போட்டு முடிந்து இடுப்பில் செருகினாள். அதைப் பார்த்ததும்தான் தில்லைக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் சண்டைக்காக ஒதுக்கிவைத்த அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. அஞ்சலை முந்தானையை எடுத்து, மருமகளின் முகத்தை நிமிர்த்தி, கண்ணையும் கன்னத்தையும் அழுந்தத் துடைத்தாள். நெற்றிப் பக்கம் போனபோது மட்டும், பொட்டு கலையாமல் சுற்றித் துடைத்தாள்.